கடலோர வீட்டில் 8 வருட வாஷிங் மெஷின்: கியர்பாக்ஸ் மாற்றுவதா, புதிது வாங்குவதா?

கேள்வி: குளச்சலில், கடலுக்கு அரை கிலோமீட்டரில் வீடு. 8 வருடமான 6.5 கிலோ டாப் லோடு ஃபுல்லி ஆட்டோமேட்டிக். ஸ்பின் ஓடும்போது பயங்கர சத்தம், அடியில் தண்ணீர் சொட்டுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது, 6,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். செலவழிக்கலாமா?

பதில்:

கியர்பாக்ஸை அப்புறம் பார்ப்போம், முதலில் பாடி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பக்கம் இருக்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூவைக் கழற்றினால் மேல் பேனல் தூக்க வரும். வயர்களும் கூடவே வரும். வெடுக்கென்று இழுக்காமல் மெல்லச் சாய்த்து வையுங்கள். டாப் லோடு மெஷினில் தொட்டி தரையில் உட்கார்ந்திருப்பதில்லை. பாடியின் நான்கு மேல் மூலைகளிலிருந்து நான்கு கம்பிகளில் தொட்டில் மாதிரி தொங்குகிறது. தொட்டி, மோட்டார், தண்ணீர், துணி எல்லாப் பாரமும் அந்த நான்கு மூலைத் தகட்டில்தான். முட்டம், மணவாளக்குறிச்சி, தேங்காய்ப்பட்டணம் என்று கரையோர வீடுகளில் உப்புக்காற்று தின்பது இந்த மடிப்புகளையும் அடிச்சட்டத்தையும்தான். வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும், அதை நம்ப வேண்டாம்.

மூலைத் தகட்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியால் அழுத்திக் குத்துங்கள். செம்பொடி உதிர்ந்தாலும் உள்ளே தகடு கெட்டியாக நின்றால் பிழைக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்தால் போதும். (உப்பு தின்றதற்கு உப்புத்தாளே மருந்து.) நுனி அப்பளத்தில் இறங்குவதுபோல இறங்கினால், ஸ்பின் வேகத்தில் என்றாவது ஒருநாள் கம்பி தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். அப்படிப்பட்ட மெஷினுக்கு 6,000 என்ன, 600 கூடப் போட வேண்டாம். மேலே படிக்காமல் கடைசிப் பத்திக்குப் போய்விடுங்கள்.

பாடி தேறினால், சத்தத்துக்கு வருவோம். துணி எதுவும் போடாமல் ஸ்பின் மட்டும் ஓட விடுங்கள். காலியாக ஓடும்போதே கரகரவென்று, வேகம் ஏற ஏறச் சத்தமும் ஏறினால் பேரிங். காலியாக அமைதியாக ஓடி, துணி போட்டால் மட்டும் பாடியில் டமார் டமார் என்று இடித்தால் கியர்பாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொட்டி தொங்கும் அந்த நான்கு கம்பிகள், அதாவது சஸ்பென்ஷன் ராடுகள், தேய்ந்துவிட்டன. தொட்டியைக் கையால் கீழே அழுத்தி விடுங்கள். ஒரு தடவை மேலே வந்து நின்றால் ராடு நல்லது, மூன்று நான்கு தடவை குதித்தால் மாற்ற வேண்டும். நான்கையும் ஒன்றாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தொட்டி கோணலாகத் தொங்கும், பழையபடி இடிக்கும்.

அடுத்தது, தண்ணீர் எங்கிருந்து சொட்டுகிறது? வாஷ் ஓடும்போது டிரெய்ன் பைப் வழியே மெல்லப் போய்க்கொண்டிருந்தால் டிரெய்ன் வால்வில் ஊக்கோ பட்டனோ சிக்கியிருக்கிறது, அரை மணி நேர வேலை. தொட்டியின் அடியில் நடு மையத்திலிருந்து சொட்டினால் ஷாஃப்ட் சீல் போயிருக்கிறது. உங்கள் விஷயத்தில் சத்தமும் சொட்டும் சேர்ந்தே இருப்பதால் இதுதான் பெரும்பாலும் நடந்திருக்கும்: சின்ன ரப்பர் சீல் முதலில் தேய்கிறது, சோப்புத் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கி கிரீஸைக் கழுவிவிடுகிறது, பேரிங் துருப்பிடித்து இரைகிறது. சொட்ட ஆரம்பித்த உடனே பார்த்திருந்தால் சீலோடு முடிந்திருக்கும். இரைச்சல் வந்தபின் சீலை மட்டும் மாற்றுவது வீண். கிளட்ச், ஷாஃப்ட், பேரிங், சீல் எல்லாம் ஒரே பாகமாக வரும் கியர்பாக்ஸ் அசெம்ப்ளியையே மாற்றுவதுதான் முறை. எனவே மெக்கானிக் சொன்னது பொய்யில்லை.

ஆனால் சத்தம் இல்லாமல், தண்ணீர் வடியாமல், ஸ்பின்னும் சுற்றாமல் நிற்கிற மெஷினுக்கு யாராவது கியர்பாக்ஸ் என்று சொன்னால் நம்பாதீர்கள். பல டாப் லோடு மாடல்களில் டிரெய்ன் மோட்டார் என்ற ஒரு சின்ன மோட்டார்தான் ஒரே இழுப்பில் வால்வையும் திறக்கிறது, கிளட்சையும் ஸ்பின்னுக்கு மாற்றுகிறது. அது செத்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். மாற்ற ஆகும் செலவு கியர்பாக்ஸில் சிறு பங்கு.

இனி 6,000. ஸ்பேர் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். "அண்ணே, புது அசெம்ப்ளியைப் பெட்டியோட கொண்டு வாங்க, பழசைக் கையில தந்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டால் பழைய மெஷினிலிருந்து கழற்றிய பாகம் வராது. இன்னொன்றையும் கேட்க வேண்டும்: ஹப் எப்படி இருக்கிறது? ஸ்டீல் தொட்டியை ஷாஃப்டோடு பிடிக்கும் அலுமினிய வார்ப்புதான் ஹப். அலுமினியமும் ஸ்டீலும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம்தான் கரையும், உப்பு இருந்தால் வேகமாகக் கரையும். தொட்டியின் அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் அடையாளம். அரித்த ஹப்பைப் புது ஷாஃப்டில் மாட்டினால் பல் உட்காராமல் ஆட்டம் கொடுக்கும், சில மாதத்தில் புது சீலும் போய்விடும். நடுவில் இருக்கும் பெரிய நட்டு இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்க விடாதீர்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு மறுநாள் வரச் சொல்லுங்கள். அடித்த அடியில் தொட்டி விரிசல் விட்டால் கணக்கே மாறிவிடும்.

பழையதின் விலையோடு ஒப்பிடாமல், வருடத்துக்கு எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். இதே அளவு புது டாப் லோடு ஏறக்குறைய 16,000 முதல் 18,000 ரூபாய். கடலோரத்தில் 8 வருடம் ஓடினால் வருடத்துக்கு 2,000 சொச்சம். பாடி கெட்டியாக இருந்து, 6,000 போட்டு 4 வருடம் ஓடினால் 1,500. மாற்றுங்கள். பாடி இன்னும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும் என்று பட்டால் அதே 6,000 ஒரு வருடச் செலவாகிவிடும். ஹப்பும் சேர்த்து 8,000 தாண்டினால், பாடி நன்றாக இருந்தாலும் நான் புதிதின் பக்கம்தான் சாய்வேன்.

புதிது வாங்கினால் கரண்ட் மிச்சமாகும் என்று கடையில் சொல்வதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பச்சைத் தண்ணீரில் துவைக்கும் டாப் லோடு ஒரு வாஷுக்கு அரை யூனிட்கூட இழுக்காது. மிச்சம் பிடிப்பது தண்ணீரில்: டாப் லோடு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும் இடத்தில் ஃப்ரண்ட் லோடு அதில் பாதியோடு முடிக்கும். கிணறு உப்பாகி, லாரித் தண்ணீர் வாங்குகிற வீடு என்றால் இது பெரிய விஷயம். ஆனால் ஃப்ரண்ட் லோடிலும் டிரம்மைப் பின்னாலிருந்து தாங்குவது ஸ்பைடர் என்ற அலுமினிய வார்ப்புதான், அதற்கும் அதே வெள்ளைப் பொடி நோய் உண்டு. பல மாடல்களில் வெளித்தொட்டி ஒட்டி மூடியே வருகிறது. பேரிங் போனால் தொட்டியையே மாற்ற வேண்டும். வாங்கும் முன் கேட்டு வையுங்கள்.

சித்திரை, ஐப்பசி இடியில் போர்டு (மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் பலகை) மட்டும் போன மெஷினுக்கு வேறு கணக்கு. பாடியும் பேரிங்கும் நன்றாக இருந்தால் போர்டு மாற்றுவது வீணல்ல. இடிக்கு சுவிட்சை அணைத்தால் போதாது, இடி தொடங்கும் முன்பே பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். மெஷினைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றால் ரிப்பேரா புதிதா என்ற பேச்சுக்கே இடமில்லை. உடனே நிறுத்திவிட்டு எர்த் வயர் பாடியில் மாட்டியிருக்கும் ஸ்க்ரூவைப் பார்க்கச் சொல்லுங்கள். அது துருப்பிடித்தால் எர்த் இருந்தும் இல்லாத கதை. கடற்கரை மணலில் எர்த் குழி கோடையில் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

புதிதுதான் என்று முடிவானால், அடிப்பாகம் பிளாஸ்டிக்காக உள்ள மாடலைத் தேடுங்கள். வாரண்டி அட்டையில் மோட்டாருக்கு 10 வருடம் என்று பெரிதாகப் போட்டிருக்கும். துருவுக்கும் எலிக்கடிக்கும் என்ன எழுதியிருக்கிறது என்று பொடி எழுத்தையும் வாசியுங்கள். கடலைப் பார்த்த வராந்தாவில் வைக்காதீர்கள். ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் எலி வலை அடித்து, மேல் மூலை மடிப்புகளில் புதிதாக இருக்கும்போதே கிரீஸ் தடவிவிடுங்கள். ஓணத்துக்கும் தீபாவளிக்கும் நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் எக்ஸ்சேஞ்ச் பேச்சு வரும். ஒத்துக்கொள்ளும் முன் உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: பழைய மெஷினின் மோட்டார், டிரெய்ன் மோட்டார், இன்லெட் வால்வு நன்றாக இருந்தால் அவரே எடுத்துக்கொள்ளலாம், மிச்சத்தைப் பழைய இரும்புக் கடையில் எடை போடலாம்.