விக்கிரமசிங்கபுரத்தில் ஏன் மில் வந்தது?

கேள்வி: "சிங்கப்பூரில் பிறந்தவன் நான். தாத்தா விக்கிரமசிங்கபுரம் மில்லில் வேலை பார்த்தாராம். மலையடிவாரத்துச் சின்ன ஊரில் எதற்கு நூற்பாலை?"

தண்ணீருக்காகத்தான். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற பிரிட்டிஷ் சகோதரர்கள் 1880களில் இந்த மில்லைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் மில் என்றால் நீராவி, நீராவி என்றால் நிலக்கரி. தெற்கே நிலக்கரி ஏது? ஆனால் ஊரை ஒட்டியுள்ள பாபநாசத்தில் தாமிரபரணி மலையிலிருந்து வேகமாக இறங்குகிறது. அந்த நீரைக் கால்வாயில் திருப்பி விசைச்சக்கரத்தின் மேல் விட்டால் அது நீளமான தண்டு ஒன்றைச் சுழற்றும்; தண்டிலிருந்து வார்ப்பட்டைகள் வழியாக நூற்கும் இயந்திரங்கள் ஓடும். எரிபொருள் செலவே கிடையாது. பஞ்சும் தூரமில்லை, கோவில்பட்டிப் பக்கம் முழுக்கக் கரிசல்காடு. தூத்துக்குடிக்கு 1876லேயே ரயில் வந்துவிட்டதால் துறைமுகமும் கைக்கெட்டியது. வெள்ளைக்காரன் கணக்கு தப்பவில்லை!

தொழிலாளிக்கு அந்தக் கணக்கில் கிடைத்தது கொஞ்சம்தான். இதே ஹார்வி குழுமத்தின் தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908இல் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். கோரிக்கை ஜெயித்தது. வ.உ.சி. பெயரைக் கப்பலோடு மட்டும் சேர்த்துச் சொல்லும்போது இது விடுபட்டுப்போகிறது.

அப்புறம் 1974இல் நிறுவனம் மதுரா கோட்ஸ் ஆனது. தாத்தாவின் பழைய காகிதங்களில் 'மதுரா மில்ஸ்' என்று இருந்தால் குழம்ப வேண்டாம், அதுவும் ஹார்வி குழுமம்தான்.