‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ மேடை நாடகத்தின் முடிவைத் திரைப்படத்தில் ஏன் மாற்றினார்கள்?

1982-இல் நியூயார்க்கில் மேடையேறிய இந்த நகைச்சுவை இசை நாடகத்தில், ரத்தம் குடிக்கும் செடி கடைசியில் நாயகன் சீமோர், நாயகி ஆட்ரி இருவரையுமே விழுங்கிவிடும். 1986 படத்துக்கும் இயக்குநர் ஃபிராங்க் ஆஸ் அதே முடிவைத்தான் எடுத்தார். ராட்சதச் செடிகள் ஊரையே நொறுக்கும் காட்சிகளும் உண்டு. ஆனால் வெளியீட்டுக்கு முன் ரசிகர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, அதுவரை கைதட்டி ரசித்தவர்கள் இருவரும் செத்ததும் அப்படியே உறைந்துபோனார்கள். வேறு வழியில்லாமல், இருவரும் பிழைத்து ஒன்றுசேர்வதாகப் புதிய முடிவு எடுக்கப்பட்டது.

ஆஸ் சொன்ன காரணம் எனக்கு ரொம்பச் சரியாகப் படுகிறது: மேடையில் செத்த நடிகர் கடைசியில் வந்து வணங்குவார், மனசு ஆறிவிடும். சினிமாவில் செத்தால் செத்ததுதான். அதோடு, குளோஸ்-அப்பில் அவ்வளவு நேரம் பார்த்த முகங்களை இழப்பது இன்னும் கடினம்.

பழைய முடிவு 2012-இல் புளூ-ரேயில் வந்தது, இரண்டையும் பாருங்கள். அப்புறம், செடியின் வாயசைப்பைக் கவனிக்கத் தவறாதீர்கள். கிராஃபிக்ஸ் இல்லை, முழுக்கப் பொம்மலாட்டம். கனமான பொம்மை வேகமாக அசையாது என்பதால் கேமராவை வினாடிக்கு 24-க்குப் பதில் 16 பிரேம் போல மெதுவாக ஓட்டினார்கள்; அதை வழக்கமான வேகத்தில் திரையிடும்போது அசைவு வேகமாகத் தெரியும். அதனால் கூட நடித்த ரிக் மொரானிஸும் (சீமோர்) மெதுவாகவே அசைந்து, வாயசைத்து நடிக்க வேண்டியிருந்தது.