பிக்காசோவின் தட்டுகள்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

சென்ற மாதம் தென் பிரான்சில் ஆந்தீப் கோட்டையிலுள்ள பிக்காசோ அருங்காட்சியகத்தையும், பக்கத்து ஊரான வலோரிஸின் மட்பாண்ட அருங்காட்சியகத்தையும் பார்த்தேன். ஆந்தீப்பில் இருந்தவை மிகவும் பிடித்திருந்தன. வலோரிஸில்தான் குழப்பம். பல தட்டுகள் 'பதிப்பு' வகையாம், பட்டறை ஆட்கள் படியெடுத்தவையாம். அப்படியானால் இவை பிக்காசோ செய்தவையா, அவர் பெயரில் விற்ற சரக்கா?

இன்னும் இரண்டு சந்தேகம். சில தட்டுகளில் வெள்ளைப் பளபளப்பின் நடுவே கறுப்புக் கோடுகள் மங்கலாக, சற்றுப் பள்ளமாகத் தெரிகின்றன. கீறியவையா, வரைந்தவையா? சிலவற்றின் மேற்பூச்சு முழுக்க மயிரிழை விரிசல். பராமரிப்பு இவ்வளவுதானா? நண்பர் ஒருவர் இப்படி ஒரு தட்டை விலைபேசிக்கொண்டிருக்கிறார். எதைப் பார்த்து வாங்கவேண்டும் என்றும் சொல்லுங்கள்.

ர., பாரிஸ்

அன்புள்ள ர,

'பிக்காசோ செய்தது' என்பதை மூன்று கேள்விகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வனைந்தது யார், உருவமும் கோடும் யாருடையவை, படியெடுத்தது யார்.

முதல் கேள்விக்கு, ஆந்தீப்பில் நீங்கள் ரசித்தவற்றையும் சேர்த்தே, பிக்காசோ என்று பதில் சொல்லமுடியாது. அவர் சக்கரத்தில் உட்கார்ந்து வனைகிற குயவர் அல்ல. 1946 கோடையில் வலோரிஸில் நடந்த மட்பாண்டக் கண்காட்சியைப் பார்க்க வந்தவர், சுசான், ஜோர்ஜ் ரமியே தம்பதியின் மதூரா பட்டறையில் சில உருவங்களைப் பிடித்து வைத்துவிட்டுப் போனார். (மதுரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேசோன், தூலி, ரமியே என்ற மூன்று சொற்களின் முதல் அசைகளை ஒட்டிச் செய்த பெயர். தூலி என்பது சுசானின் பிறந்த வீட்டுப் பெயர்.) 1947ல் திரும்பி வந்தார். அந்த உறவு 1971 வரை நீடித்தது. பட்டறையின் குயவர் ஜூல் அகார் குடுவைகளை வனைந்து தருவார். பிக்காசோ அதன் கழுத்தைத் திருகி, வயிற்றை அமுக்கிப் புறாவாக்குவார், பெண்ணாக்குவார். அதற்கு மண் சரியான பதத்தில் இருக்கவேண்டும். ஈரம் கூடினால் குடுவை அப்படியே உட்கார்ந்துவிடும். காய்ந்துபோனால் வளைக்கும் இடத்தில் வெடிக்கும். நடுவில் கிடைக்கும் சில மணி நேரம்தான் அவருடையது. 1948ல் ஆந்தீப்புக்கு அவர் கொடுத்த 78 உருப்படிகளும் மதூராவில் உருவானவைதாம்.

பதிப்புகளுக்கு வருவோம். மதூராவில் மொத்தம் 633 வடிவங்கள் படியெடுக்கப்பட்டன. ஒரு வடிவத்துக்கு 25 முதல் 500 படிகள் வரை. வழிமுறை இரண்டு, மதிப்பும் இரண்டு.

ஒன்று, கையால் நகலெடுப்பது. பிக்காசோ ஒன்றைச் செய்து முடிப்பார். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டறை ஆட்கள் அதே வடிவத்தைச் செய்து, அதே வண்ணங்களைத் தீட்டுவார்கள். கீழே 'எதிசியோன் பிக்காசோ', அதாவது பிக்காசோ பதிப்பு, என்று இருக்கும். சொல்வதுபோல் எளிய வேலை அல்ல இது. கோபால்ட் ஆக்சைடு தீட்டும்போது கறுப்புப் பொடிதான், சூளையிலிருந்து வந்த பிறகே நீலம். பூச்சு கொஞ்சம் கனத்தால் நீலமும் கறுத்துப்போகும். ஆகவே நகலெடுப்பவர் நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுத் தீட்டமுடியாது, கைக்கணக்குதான். எவ்வளவு தேர்ந்த கையானாலும், போகவேண்டிய இடம் முன்கூட்டியே தெரிந்த கோட்டில் வேகம் குறைந்துவிடுகிறது. ஆந்தீப் தட்டுகளுக்குப் பிறகு இவற்றைப் பார்த்த உங்களுக்கு ஏதோ ஒன்று உறுத்தியதென்றால் அது இதுவாகத்தான் இருக்கும்.

மற்றது, 'ஆம்ப்ரெந்த் ஒரிஜினால்', அதாவது மூல அச்சு. இறுகிய பிளாஸ்டர் பாளத்தில் பிக்காசோவே செதுக்குவார். அதன்மேல் களிமண் தகட்டைப் பரப்பி அமுக்கி எடுப்பார்கள். அவர் தோண்டியது தட்டில் புடைத்து நிற்கும், இடம் வலமாக மாறும். லினோலியத்தில் செதுக்கி அச்சிடுபவர்கள் யோசிப்பதுபோலத் தலைகீழாக யோசித்துச் செதுக்கவேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்கு அமுக்கிக்கொண்டு போகாவிட்டால் காற்று சிக்கி அந்த இடம் மழுங்கிவிடும். பிளாஸ்டர் மண்ணின் ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கித் தானே விடுபடும். பாளம் ஏற்கெனவே நனைந்திருந்தால் ஒட்டிக்கொண்டு கிழியும். இந்த வகையில் உங்கள் விரலுக்குக் கீழே இருப்பது அவர் கத்தி போன தடம். ஓவியர் செதுக்கிய தகட்டிலிருந்து எடுத்த அச்சுப்படத்தை நாம் 'சரக்கு' என்பதில்லையே? என் கணக்கில் இது நகலுக்கு வெகு மேலே.

கறுப்புக் கோடுகள் கீறியவை அல்ல, மெழுகால் வரைந்தவை. உருக்கிய பாரஃபினில் கறுப்பு தரும் உலோக ஆக்சைடைக் கலந்து தூரிகையால் வரைவார்கள். பிறகு தட்டை வெள்ளை எனாமல் (சூளையில் உருகிப் பளபளக்கும் மேற்பூச்சு) கரைசலில் முக்குவார்கள். கரைசலில் இருப்பது தண்ணீர், மெழுகின்மேல் அது ஒட்டாமல் விலகிவிடும். சூளையில் மெழுகு எரிந்துபோகும், ஆக்சைடு மண்ணிலேயே தங்கும். கோட்டின்மேல் எனாமல் இல்லை, அதனால்தான் மங்கல். சுற்றிலும் எனாமலின் கனம் இருப்பதால் கோடு பள்ளமாகத் தெரிகிறது. இந்த முறையில் திருத்தம் கிடையாது. மெழுகு மண்ணைத் தொட்டதும் இறுகும், தயங்கினால் தூரிகை இழுபடும். தவறாக விழுந்த சொட்டைச் சுரண்டினாலும் மண்ணுக்குள் ஊறிய மெழுகு அங்கே எனாமலைப் பிடிக்கவிடாது. பிக்காசோவின் கைக்கு இதைவிடப் பொருத்தமான முறை வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

விரிசலுக்குப் பராமரிப்பைக் குறை சொல்லவேண்டாம். சூளை ஆறும்போது மேற்பூச்சு, அடியிலுள்ள மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால் இழுவிசை தாங்காமல் வலைபோல வெடிக்கும். சூளையிலிருந்து முழுசாக வந்த தட்டுகூடப் பல வருடம் கழித்து வெடிக்கலாம். நம் ஊறுகாய் ஜாடியைப்போல இறுகச் சுட்ட மண் அல்ல இது. 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுட்டது, நுண்துளைகள் அப்படியே இருக்கும். காற்றின் ஈரத்தைக் குடித்து மண் மெல்ல உப்புகிறது, பூச்சு உப்புவதில்லை. தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுவதுதான் பெரிய கேடு. அழுக்கு விரிசலுக்குள் இறங்கினால் வெளியே எடுப்பது கடினம்.

நண்பருக்கு: முதலில் தட்டைத் திருப்பச் சொல்லுங்கள். பட்டறையின் பெயரும், 'எதிசியோன்' அல்லது 'ஆம்ப்ரெந்த்' என்ற சொல்லும் அச்சுமுத்திரையாகவோ கறுப்பு எழுத்தாகவோ இருக்கும். எல்லாப் படிகளிலும் வரிசை எண் இருக்காது, அது இல்லையென்று ஒதுக்கவேண்டாம். ஆனால் முத்திரையை யாரும் போலியாகச் செய்துகொள்ளலாம். அதனால் அளவுநாடாவை எடுத்துச் செல்லட்டும். மதூராவின் பிக்காசோ பதிப்புகளை அலென் ரமியே தொகுத்த பட்டியலில் ஒவ்வொரு வடிவத்துக்கும் அளவும் படிகளின் எண்ணிக்கையும் உண்டு. கையால் செய்ததால் சில மில்லிமீட்டர் முன்பின் இருக்கும், அது பரவாயில்லை. போலி செய்பவர் அசல் தட்டின்மேலேயே அச்சு எடுத்தால், அந்த அச்சில் அமுக்கிய மண் காய்ந்து, சூளையில் வெந்து, மறுபடியும் ஒருமுறை சுருங்கும். மண்ணைப் பொறுத்து 6 முதல் 10 சதவீதம். 42 செ.மீ. இருக்கவேண்டிய தட்டு 38, 39 என்று நின்றால், முத்திரை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.