வாசகர் கேள்வி: என் காசு, என் வாய்; அரசுக்கு என்ன வேலை?

கேள்வி (வாசகர், திண்டுக்கல்): குளிர்பானத்துக்குக் கூடுதல் வரி, பள்ளி வாசலில் நொறுக்குத்தீனிக்குத் தடை என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். என் காசில் நான் வாங்கித் தின்பதில் மற்றவர் ஏன் குறுக்கிட வேண்டும்? நோய் வந்தால் அவதிப்படப்போவது நான்தானே?

பதில்: வயது வந்த ஒருவர் தம் இலையில் எதைப் போட்டுக்கொள்கிறார் என்பதில் அரசு தலையிடக் கூடாது என்பதே என் கருத்தும். நியூயார்க் நகரில் 2012-இல், மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் முயற்சியால், உணவகங்களிலும் திரையரங்குகளிலும் 16 அவுன்ஸுக்கு, அதாவது ஏறத்தாழ 470 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கோப்பைகளில் சர்க்கரைப் பானங்களை விற்கக் கூடாது என்று விதி செய்தார்கள். சுகாதார வாரியம் தன் அதிகாரத்தை மீறிவிட்டது என்று கூறி, அம்மாநிலத்தின் தலைமை நீதிமன்றம் 2014-இல் அதைச் செல்லாததாக்கியது. எனக்கு அத்தீர்ப்பில் உடன்பாடே.

ஆனால் நாம் உண்பதில் எவ்வளவு பங்கு நாமே தெரிந்து தேர்ந்தது? மாலையில் தேநீர்க் கடையில் வாழைக்காய் பஜ்ஜி வாங்குகிறீர்கள். பஜ்ஜியைத் தேர்ந்தது நீங்கள். அது பொரிந்த எண்ணெயை அல்ல. காலையில் வடை சுட்டுக் கறுத்துப்போன எண்ணெயின் மேலேயே புது எண்ணெயை ஊற்றி மறுபடியும் காய்ச்சியிருக்கிறார்களா என்பதை, காகிதத்தில் வைத்துத் தரும் பஜ்ஜியைப் பார்த்து யாராலும் சொல்லிவிட முடியாது. அவ்வாறு காய்ச்சும் எண்ணெயில் சேரும் முனைவுச் சேர்மங்கள் எனப்படும் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2018 ஜூலை முதல் விதித்திருப்பது உங்கள் சுதந்திரத்தில் கைவைப்பதாகுமா? வனஸ்பதியிலும் பேக்கரிப் பண்டங்களிலும் மிகுந்திருந்த, இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பும் இப்படிப்பட்டதே. எண்ணெய், கொழுப்பு வகைகளில் 5 சதவீதமாக இருந்த அதன் உச்சவரம்பு 2021-இல் 3 ஆகவும், 2022 ஜனவரியில் 2 ஆகவும் குறைக்கப்பட்டது. பப்ஸ் வாங்குகிறவர் இன்றும் பப்ஸ் வாங்குகிறார்; அவருடைய உரிமை எதுவும் பறிபோகவில்லை.

வரியிலும் நல்ல வரி, பயனற்ற வரி என்று உண்டு. பிரிட்டன் தன் குளிர்பான வரியை 2016-இலேயே அறிவித்துவிட்டு 2018 ஏப்ரலில்தான் விதிக்கத் தொடங்கியது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கும் குறைவாகச் சர்க்கரை சேர்த்தால் வரியே கிடையாது என்பதால், அந்த அவகாசத்துக்குள் பல நிறுவனங்கள் தாமாகவே சர்க்கரையைக் குறைத்துக்கொண்டன. நம் நாட்டிலோ 2025 செப்டம்பர் முதல் கார்பனேற்றிய குளிர்பானங்களுக்குச் சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே 40 சதவீத ஜிஎஸ்டிதான். சர்க்கரையைக் குறைப்பதால் தயாரிப்பவருக்கு எந்த ஆதாயமும் இல்லை என்னும்போது அவர் ஏன் குறைக்கப்போகிறார்?

பள்ளி வாசலைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் விதி. சரம் சரமாகத் தொங்கும் 5 ரூபாய் பாக்கெட்டுகளுக்கு முன் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையிடம் போய்ச் சுதந்திரத் தேர்வைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

நோயின் அவதி உங்களோடு நின்றுவிடுவதும் இல்லை. சம்பாதிப்பவர் படுத்தால் குடும்பமே படுக்கும். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளும் ஊர்ப் பணத்தில் வருபவைதாம்.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): பாக்கெட்டின் பின்புறம் எல்லா விவரமும் இருக்கிறதே, படிக்காமல் வாங்குவது வாங்குபவர் குற்றம்தானே?

பதில்: பொடி எழுத்தில் இருப்பதைக் கடைக்காரர் அவசரப்படுத்தும் நேரத்தில் யார் படிப்பார்கள்? இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சர்க்கரையின் அளவுக்கேற்பச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறக் குறி இடுகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். சிலி நாட்டில் அதே ஆண்டு முதல் கறுப்பு எண்கோண எச்சரிக்கை முத்திரை. நம் ஆணையம் 2022-இல் வெளியிட்ட வரைவோ, அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து நட்சத்திரம் வரை தர முன்வந்தது. அதன்படி மிக மோசமான பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உண்டு; நட்சத்திரம் என்றாலே சிறப்பு என்று பழகிய நம் மக்கள் அதை எச்சரிக்கையாக எப்படி எடுத்துக்கொள்வார்கள்? பாக்கெட்டின் முன்புறம் கறுப்பு முத்திரையைப் பதிக்கட்டும். அதைக் கண்ட பிறகும் வேண்டும் என்பவர் தாராளமாக வாங்கிக்கொள்ளட்டும்.