கிறிஸ் பாலை ரசிப்பது தப்பா?

கேள்வி: கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் பாயிண்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். பள்ளி நாட்களிலிருந்தே அமெரிக்காவின் என்.பி.ஏ. பாஸ்கெட்பால் லீக் வீரர் கிறிஸ் பால் என்றால் எனக்கு உயிர். நண்பர்களோ, "ஒரு கோப்பைகூட வாங்காதவன், ரெஃப்ரியிடம் கோள் மூட்டுபவன், அழுக்காக ஆடுபவன்" என்று ஓட்டுகிறார்கள். அதையாவது பொறுத்துக்கொள்வேன். சமீபத்தில் ஒரு மேட்சில் நான் கொடுத்த பாஸை எங்கள் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) கோட்டைவிட்டதும் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். கிறிஸ் பாலும் அப்படித்தானே கத்துவார்? அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. நான் ரசிப்பது தப்பான ஆளையா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஆள் சரியான ஆள்தான் தம்பி. அவரிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொண்டது எது என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

முதலில் நண்பர்களின் வழக்கை முடித்துவிடுவோம். கோப்பை இல்லை என்பது உண்மை. 2018-இல் ஏழு ஆட்டத் தொடரில் அவருடைய ஹூஸ்டன் அணி கோல்டன் ஸ்டேட்டை 3-2 என்று முந்தியபோது அவருக்குத் தொடைத் தசை பிடித்துக்கொண்டது. கடைசி இரண்டு ஆட்டங்களையும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்; இரண்டிலும் அணி தோற்றது. 2021 இறுதிச் சுற்றில் அவர் ஆடிய பீனிக்ஸ் 2-0 என்று முன்னால் இருந்தும் மில்வாக்கியிடம் நான்கு ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றது. ஆனால் அசிஸ்ட் (கூடை விழ வழிசெய்யும் பாஸ்), ஸ்டீல் (எதிராளியிடம் பந்தைப் பறிப்பது) இரண்டிலும் என்.பி.ஏ. வரலாற்றில் அவருக்கு மேலே இருப்பவர் ஜான் ஸ்டாக்டன் ஒருவர்தான். அவரும் கோப்பையைத் தொட்டதில்லை. ஸ்டாக்டனை யாராவது மட்டமான ஆட்டக்காரர் என்று சொல்லிவிட்டு நகரட்டும், பார்ப்போம்.

அழுக்கான ஆட்டம் என்ற குற்றச்சாட்டுக்கு மட்டும் வக்காலத்து வாங்காதீர்கள். 2005-இல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடும்போது ஜூலியஸ் ஹாட்ஜை இடுப்புக்குக் கீழே குத்தினார். ஒரு ஆட்டம் தடை. 2018-இல் ராஜன் ரோண்டோவுடன் கைகலப்பு. இரண்டு ஆட்டம் தடை. ரசிகன் என்பதற்காக இதையும் வீரம் என்று பேச வேண்டியதில்லை.

கோள் விஷயம் வேறு. 2019 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டிக்கு அவர் ஆடிய அந்த மின்னசோட்டா ஆட்டத்தை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்? முடிய இன்னும் ஒரு விநாடி. மின்னசோட்டா முன்னிலை. அரங்கில் பாதிப் பேர் கிளம்பியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அப்போது மாற்று ஆளாக ஜோர்டன் பெல் உள்ளே வருகிறார். ஜெர்சியை டவுசருக்குள் செருகவில்லை. பால் உடனே ரெஃப்ரியிடம் கைகாட்டுகிறார். அதுவும் ஆட்டத்தைத் தாமதப்படுத்தியதாகத்தான் கணக்கு. அதற்காக மின்னசோட்டாவுக்கு ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருந்தது, இது இரண்டாவது. ஆக டெக்னிக்கல் ஃபவுல், ஓக்லஹோமாவுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அது உள்ளே. அப்புறம் ஸ்டீவன் ஆடம்ஸ் கோர்ட்டின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு எறிந்த பந்தை டென்னிஸ் ஷ்ரோடர் பிடித்துப் போட, ஆட்டம் சமன். ஓவர்டைமில் ஓக்லஹோமா ஜெயித்தது.

சின்னத்தனம் என்று சொல்லலாம். எனக்கும் பார்த்ததும் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். தோற்கப் போகும் ஆட்டத்தின் கடைசி விநாடியில், எதிரணியின் பெயரில் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை விழுந்திருக்கிறது என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பெரியப்பா மாதிரி அவர் கண் எல்லா இலையிலும் இருக்கிறது.

அவருடைய பிரசித்தி பெற்ற ஷாட்டும் இதே கதைதான். சக வீரர் ஸ்கிரீன் வைக்கிறார் (எதிராளியின் வழியை மறித்து நிற்கிறார்), பால் அதைச் சுற்றி வருகிறார், துரத்தி வந்த ஆள் அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறார். வேறு யாராக இருந்தாலும் அங்கே வேகமெடுப்பார்கள். இவர் வேகத்தைக் குறைப்பார். பின்னால் இருப்பவர் சுற்றி வர வழியில்லை, இடித்தால் ஃபவுல். எதிரே நிற்கும் நெட்டையர் பின்வாங்கினால் ஃப்ரீ த்ரோ கோட்டின் வலது முனையிலிருந்து ஷாட், முன்னேறி வந்தால் அவர் தலைக்கு மேல் பாஸ். ஆறடி மனிதர் இருபது சீசன் தாக்குப்பிடித்தது இப்படித்தான். 2024-25 சீசனில், 39 வயதில், சான் அன்டோனியோவுக்காக 82 ஆட்டங்களிலும் ஆடினார்.

பள்ளியில் அவர் எடுத்த 61 புள்ளிக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2002-இல் அவருடைய தாத்தா கொலை செய்யப்பட்டார்; வயது 61. அடுத்து வந்த ஆட்டத்தில் பேரன் சரியாக 61 புள்ளி எடுத்தார். அத்தோடு, கிடைத்த ஃப்ரீ த்ரோவை வேண்டுமென்றே வெளியே வீசிவிட்டு நடந்துபோய் அப்பாவைக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு அந்த வெறியில் 70 எடுக்க முயன்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவ்வளவு துக்கத்திலும் எண்ணிக்கொண்டே ஆடி, எண்ணிய இடத்தில் நிறுத்தினார் பாருங்கள், என்னை மலைக்க வைப்பது அதுதான்.

இனி உங்கள் கத்தலுக்கு வருவோம். ஆமாம், அவர் கத்துவார். விரல் நீட்டுவார், முறைப்பார். அதற்கான விலையையும் கொடுத்திருக்கிறார். 2025 டிசம்பரில், சீசன் நடுவில், கிளிப்பர்ஸ் அணி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்த அணி முன்பு ஆறு சீசன் அவர் நடத்திய அணி. அவருடைய கெடுபிடி தாங்கவில்லை என்றுதான் செய்திகள் வந்தன. இன்னொரு பக்கம், 2019-20இல் ஓக்லஹோமாவில் அவர் பக்கத்தில் ஆடிய ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டர் என்ற பையன் 2025-இல் எம்.வி.பி. (சீசனின் சிறந்த வீரர்) ஆனார், கோப்பையும் வென்றார். ஓக்லஹோமாவை விட்டு 2020-இல் பால் பீனிக்ஸ் போனார். பத்து வருடமாக பிளேஆஃப் (கோப்பைக்கான கடைசிக் கட்டம்) பக்கமே போகாத அணி இறுதிச் சுற்றுக்கே போனது. ஆக, அவரோடு ஆடுவது சிலருக்கு வரம், சிலருக்குத் தலைவலி.

அவர் பேச்சை மற்றவர்கள் சகித்துக்கொள்வதற்குக் காரணம், அந்தப் பேச்சில் விஷயம் இருக்கும் என்பதுதான். "நீ இடது பக்கம் சாய்கிறாய், பாஸ் வலது பக்கம் வருகிறது" என்று சொன்னால் கேட்பவனுக்கு உதவி. "பந்தைப் பிடிக்கத் தெரியாதா?" என்றால் அவமானம்தான் மிச்சம். நீங்கள் எதைச் சொல்லிக் கத்தினீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. ஊகிக்க முடிகிறது.

அந்த சென்டரிடம் நீங்களே போய்ப் பேசுங்கள். எல்லார் முன்னாலும் கத்தியதால், மன்னிப்பையும் எல்லார் முன்னாலும் கேளுங்கள். அப்புறம் பயிற்சி முடிந்ததும் அவரை நிறுத்தி, பந்து நெஞ்சு உயரத்தில் வந்தால் வசதியா, தலைக்கு மேலே வந்தால் வசதியா, எந்தக் கை பலம், ஓடி வரும்போது பவுன்ஸ் பாஸ் பிடிக்க வருமா என்று கேளுங்கள். ஒரு அரை மணி நேரம் அவர் சொன்ன மாதிரியே போட்டுக் கொடுங்கள். கோட்டைவிட்ட அந்தப் பாஸில் உங்கள் பங்கு எவ்வளவு என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.