நாற்பதை நெருங்கும்போது டாக்டருக்குப் படிக்கத் தொடங்கலாமா?

38 வயது, பதினைந்து வருடமாகக் கணக்காளர் வேலை, இப்போது டாக்டராக ஆசை, காலம் கடந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடக்கவில்லை. ஆனால் பயிற்சி எத்தனை வருடம் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். கையில் ஒரு பட்டம் இருந்தாலும் வேதியியல், உயிரியல் பாடங்களைப் படித்திருக்காவிட்டால் அதற்கே ஒன்றிரண்டு வருடம் போகும், பிறகு மருத்துவக் கல்லூரி 4 வருடம், அப்புறம் ரெசிடென்ஸி, அதாவது மருத்துவமனையில் சம்பளத்தோடு பயிற்சி. குடும்ப மருத்துவத்துக்கு 3 வருடம், நரம்பியல் அறுவை சிகிச்சைக்கு 7. ஆக, நீங்கள் குடும்ப மருத்துவராக 47 ஆகிவிடும், மற்றதற்கு 51. பிரிட்டனில் பட்டதாரிகளுக்கென்றே 4 வருடப் படிப்பு உண்டு, ஆனால் அங்கேயும் அதன்பின் 2 வருட அடிப்படைப் பயிற்சி முடித்துத்தான் சிறப்புப் பயிற்சி.

வேறு துறையிலிருந்து மருத்துவத்துக்கு வந்தவர்கள் முன்பும் உண்டு. ஆல்பர்ட் ஷ்வைட்சர் இறையியல் ஆசிரியராகவும் ஆர்கன் என்ற இசைக்கருவியை வாசிக்கும் கலைஞராகவும் பெயர் வாங்கிய பிறகு, 1905இல், 30 வயதில் மருத்துவம் படிக்கத் தொடங்கினார். 1913இல் ஆப்பிரிக்காவில், காபோனின் லம்பரேனேயில் மருத்துவமனை தொடங்கினார்.

என்னைக் கேட்டால் பாடத்தைவிட இரவுப் பணிதான் கஷ்டம். விடியும்வரை நின்றுவிட்டு, உங்களைவிடப் பத்து வயது சின்னவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். அதே சமயம், பயந்துபோய் வரும் நோயாளியிடம் பொறுமையாகப் பேச உங்கள் அனுபவம் கைகொடுக்கும், அது சின்ன விஷயமில்லை.

வேலையை உடனே விடாதீர்கள். விடுமுறை நாட்களில் மருத்துவமனையில் தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள், வீட்டில் இருப்பவர்களோடு பத்து வருடச் செலவையும் வெளிப்படையாகப் பேசுங்கள். ஆறு மாதம் கழித்தும் அந்த வார்டுக்குள் திரும்பப் போகத் தோன்றினால், விண்ணப்பியுங்கள்.