மடிப்பில் வெடிக்கும் தங்க ஃபாயில்

300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையில் செய்த ஸ்வீட் பாக்ஸின் மடிப்பு ஓரத்தில் டிஜிட்டல் தங்க ஃபாயில் (பளபளக்கும் மெல்லிய படலம்) வெடித்து வெள்ளைக் கோடு தெரிகிறது என்றீர்களே, அதற்கு ஃபாயிலை மாற்ற வேண்டாம், டிசைனை மாற்றுங்கள். மடிப்புக் கோட்டின் இரு பக்கமும் 3 மி.மீ. இடத்தை ஃபாயிலும் வார்னிஷும் இல்லாமல் விடுங்கள். வெடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும்.

டிஜிட்டல் ஃபாயிலுக்கு டை, அதாவது ஃபாயிலை அழுத்திப் பதிக்கும் உலோக அச்சு, கிடையாது. இன்க்ஜெட்டில் தடிமனாக வார்னிஷ் அடித்து, யூவி வெளிச்சத்தில் இறுக வைத்து, அதன் மேல்தான் ஃபாயில் ஒட்டுகிறது. விரலால் தடவினால் மேடு தட்டுப்படும் பாருங்கள், அந்த மேடு அதிகம் வளையாது. மடித்தால் உடையும்.

அட்டையின் இழையையும், அதாவது உள்ளே நார்கள் படுத்திருக்கும் திசையையும், பார்த்துவிடுங்கள். அச்சடிக்காத அட்டையில் உள்ளங்கை அளவுக்குச் சதுரம் வெட்டி, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வளைத்துப் பாருங்கள். எந்த வாக்கில் சுலபமாக வளைகிறதோ, அந்த வளைவுக் கோடு ஓடும் திசைதான் இழை. பெட்டியின் நீள மடிப்புகள் அதே திசையில் வந்தால் வெடிப்பு குறையும். குறுக்கே விழுந்திருந்தால் லேஅவுட்டை, அதாவது அட்டைத் தாளில் பெட்டி அமையும் விதத்தை, திருப்பிப் போடச் சொல்லுங்கள்.

ஆனால் இழையைச் சரிசெய்தாலும் மூடி மடிப்புகள் குறுக்கேதான் வரும். அங்கே இடம் விடுவதைத் தவிர வழியில்லை. அப்புறம், பசை தடவும் மடலில் வார்னிஷ் ஏறினால் பசை பிடிக்காது. அதில் நானே ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன்.